விசா கணபதியும் விவாகப் பத்திரமும்

சென்ற மாதம் ஒரு தோழர் தமது மகளை அழைத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். பெண்ணுக்கு ஒரு வருஷத்திற்கு முன் சுயமரியாதை முறையில் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை அமெரிக்கப் பிரஜை. தன் மனைவியை அழைத்துக்கொள்ள அந்நாட்டுச் சர்க்காருக்கு மனுச் செய்து, அது ஒப்புக்கொள்ளப்பட்டு, மும்பையிலுள்ள அமெரிக்கத் தூதுவர் காரியாலயத்தில் பெண்ணுக்குப் பேட்டி நாளும் குறிக்கப்பட்டுவிட்டது. இந்நிலையில் தரகர் ஒருவர் இவர்களுக்குச் சொன்ன யோசனை இது: "ஐயர் இல்லாத கலியாணத்தை வெள்ளைக்காரன் கலியாணமென்று நம்பமாட்டான். ஆகையால் ஒரு நாள் கோவிலுக்குப் போய், அக்கினி வளர்த்து, ஐயரைப் பக்கத்தில் வைத்து நாலு போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். போகும்போது விசா கணபதியையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போங்கள்." இதைக் கேட்டுத் தகப்பனார் மயங்கிவிட்டார். மகள் மயங்கவில்லை. "நடக்காத கலியாணத்திற்கு நான் ஏன் மறுபடி மணப்பெண்ணாக உட்கார வேண்டும்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே இதை எழுதுகிறோம்.

முதலில் சாமியின் சங்கதியைப் பார்ப்போம். சென்னை விமான நிலையத்திற்குப் பக்கத்தில் ஒரு "விசா கணபதி" இருக்கிறார். ஐதராபாத்துக்கு அருகே சில்கூரில் ஒரு "விசா பாலாஜி" இருக்கிறார். அங்கே வேண்டிக்கொள்ளும்போது 11 சுற்று, காரியம் முடிந்தபின் 108 சுற்று என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். விசா கிடைத்தவன் திரும்பி வந்து 108 சுற்றுச் சுற்றுகிறான். கிடைக்காதவன் வீட்டோடு இருந்துவிடுகிறான். ஆகவே கோவிலில் நின்று பார்க்கிறவன் கண்ணுக்கு எல்லாரும் விசா பெற்றவர்களாகவே தெரிகிறார்கள். சாமியின் மகிமை என்பது இந்தக் கணக்கு மோசம்தானே ஒழிய வேறென்ன? உலகத்தைப் படைத்த கடவுளுக்கு ஒரு தூதுவர் காரியாலய உத்தியோகஸ்தரின் மனதை மாற்றும் சக்தி இருக்குமானால், நாடுகளுக்கு நடுவே எல்லைக்கோடே இல்லாமல் செய்திருக்கலாமே! சுற்றுகிற நேரத்தில் பிறப்புப் பத்திரத்திலும் பாஸ்போர்ட்டிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்திருந்தால் அதுவாவது பேட்டிக்கு உதவியிருக்கும்.

நிற்க, அமெரிக்கச் சட்டம் உண்மையில் கேட்பது என்ன? அது ஐயரையும் கேட்கவில்லை, அக்கினியையும் கேட்கவில்லை, தாலியையும் கேட்கவில்லை. அது கேட்பது இரண்டே விஷயந்தான். ஒன்று, இந்தத் திருமணம் நடந்த இடத்துச் சட்டப்படி செல்லுமா என்பது. மற்றொன்று, இது குடும்பம் நடத்துவதற்காகச் செய்துகொண்ட திருமணமா, குடியேறுவதற்காக மாத்திரம் செய்துகொண்ட ஏமாற்றா என்பது.

முதல் கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்கிறது. அது சும்மா வந்த பதில் அல்ல. 1953-ல் சென்னை ஐக்கோர்ட்டார் சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்களை அந்தத் தீர்ப்பு ஒரே நாளில் அந்தரத்தில் நிறுத்தியது. பிறகு 1967-ல் தோழர் அண்ணாதுரை அவர்கள் முதல் மந்திரியாயிருந்தபோது இந்து விவாகச் சட்டத்தில் 7ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டு, அது 1968-ல் அமுலுக்கு வந்தது. அதன்படி உற்றார் உறவினர் நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் துணைவராக ஏற்றுக்கொள்வதாகத் தங்களுக்குத் தெரிந்த பாஷையில் சொன்னாலும் போதும், மாலை மாற்றிக்கொண்டாலும் போதும், மோதிரம் போட்டாலும் போதும். அதற்கு முன் நடந்த திருமணங்களும் செல்லுபடியாக்கப்பட்டன. 2023-ல் சுப்ரீம் கோர்ட்டாரும் இப்படிப்பட்ட திருமணத்திற்குப் பகிரங்க விழா அவசியமில்லை என்று சொல்லிவிட்டார்கள். இவ்வளவு பாடுபட்டுப் பெற்ற உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு, மும்பைக்குப் போகும் வழியில் ஐயரிடம் போய்ப் பொய்ச் சாட்சி கேட்பதென்றால் இதைவிட மானக்கேடு வேறென்ன இருக்க முடியும்?

மானம் ஒரு பக்கமிருக்கட்டும், காரியத்திற்கும் அது கேடு. போட்டோவில் உள்ள தேதி ஒன்று, ரிஜிஸ்தர் பத்திரத்தில் உள்ள தேதி வேறொன்று. உத்தியோகஸ்தர் "உங்களுக்கு எப்போது கலியாணம்?" என்று கேட்டால் பெண் எதைச் சொல்லுவாள்? முக்கியமான விஷயத்தில் பொய் சொன்னதாக முடிவானால் அந்நாட்டுச் சட்டப்படி ஆயுள் முழுவதும் தடை ஏற்படக்கூடும். திருமணமே மோசடி என்று முடிவானால் அப்புறம் எந்த மனுவும் ஒப்புக்கொள்ளப்படாது. உண்மையான கலியாணத்தைப் பொய்யால் அலங்கரித்துப் பொய்க் கலியாணமாக ஆக்கிக்கொள்ளுவது புத்திசாலித்தனமா என்று கேட்கிறோம்.

ஆகவே செய்ய வேண்டியவை இவைதான். முதலாவது, திருமணத்தை ரிஜிஸ்தர் செய்வது. தமிழ்நாட்டில் 2009-ம் வருஷத்துச் சட்டப்படி எந்த மதத்தாரானாலும் 90 நாட்களுக்குள் ரிஜிஸ்தர் செய்தாக வேண்டும். தவறினால் அபராதக் கட்டணத்துடன் இன்னும் 60 நாள் உண்டு. பேட்டி மேஜையில் பேசுவது அந்தப் பத்திரமே. அதோடு பாஸ்போர்ட், பிறப்புப் பத்திரம், போலீஸ் அத்தாட்சி, அவர்கள் குறித்த டாக்டரிடம் செய்துகொண்ட வைத்தியப் பரிசோதனை, முன்பு கலியாணமாகியிருந்தால் விவாகரத்துத் தீர்ப்போ மரணப் பத்திரமோ, இவற்றின் அசல்கள் வேண்டும். தமிழிலுள்ள பத்திரத்திற்கு இங்கிலீஷ் மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவர் இரு பாஷையும் அறிந்தவர் என்றும் மொழிபெயர்ப்புச் சரியென்றும் கையெழுத்திட்ட உறுதிமொழியும் வேண்டும். இல்வாழ்க்கைக்கு அத்தாட்சி, இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்கள், பேசிய கணக்கு, பிரயாணச் சீட்டு, பாங்கிக் கணக்கு, இன்ஷியூரன்சில் வாரிசுப் பெயர், உண்மையாக நடந்த திருமணத்தின் போட்டோ ஆகியவை. நாற்பது பேர் வந்த கலியாணமானால் நாற்பது பேர் என்றே சொல்லட்டும். உள்ளதைச் சொல்ல மனப்பாடம் வேண்டியதில்லை.

பெயர் விஷயத்தையும் சொல்லவேண்டும். 1929-ல் செங்கற்பட்டு மகாநாட்டில் ஜாதிப் பட்டத்தை ஒழிக்கத் தீர்மானித்தோம். அதன் பலனாக நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால் அமெரிக்க விசாவில் மற்ற இடத்தில் "எப்.என்.யு." என்று போட்டுவிடுகிறார்கள், முதற்பெயர் தெரியவில்லை என்று அதற்கு அர்த்தமாம்! இதற்குப் பயந்து பாட்டனார் வெட்டி எறிந்த ஜாதி வாலைத் தேடி எடுத்து ஒட்டிக்கொள்ள வேண்டாம். தலைப்பெழுத்தை விரித்துத் தகப்பனார் பெயரையோ தாயார் பெயரையோ எழுதி, எல்லாப் பத்திரத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் வைத்துக்கொண்டால் போதும். கலியாணமானதற்காகப் பெண் தன் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டுமென்று அந்தச் சட்டமும் சொல்லவில்லை.

இனிப் பெண்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பத்திரங்களையெல்லாம் "புருஷன் பார்த்துக்கொள்ளுவான்" என்று விட்டுவிடாதீர்கள். பேட்டியில் பதில் சொல்லப்போவது நீங்கள். மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்களே படித்து, ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். புருஷன் கையெழுத்திடும் ஆதரவுப் பத்திரம் ஒன்றுண்டு. தன் வருமானம் அந்நாட்டு வறுமைக் கோட்டளவில் பொதுவாக 125 சதவீதம் உண்டென்று காட்டி, உங்களைத் தாங்குவதாக அவன் ஒப்புக்கொள்ளும் ஒப்பந்தம் அது. விவாகரத்தானாலும் அந்தப் பொறுப்பு நீங்குவதில்லை. கலியாணமாகி 2 வருஷம் நிறைவதற்குள் அங்கு போய் இறங்கினால் 2 வருஷத்திற்கே நிபந்தனைச் சீட்டுக் கிடைக்கும். அதன் கடைசி 90 நாட்களுக்குள் இருவரும் சேர்ந்து மனுச் செய்ய வேண்டும். ஆனால் புருஷன் கொடுமைக்காரனானால் அவன் கையெழுத்தில்லாமலே மனுச் செய்யவும் சட்டத்தில் இடமிருக்கிறது. பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டு "நான் இல்லாவிட்டால் உன்னை நாடு கடத்திவிடுவார்கள்" என்று மிரட்டும் புருஷனுக்கு, இந்த விவரம் தெரிந்த பெண் பயப்படமாட்டாள். ஒரு தாலி கொடுக்காத காப்பு இதில் இருக்கிறது.

"எங்கள் இல்வாழ்க்கையை ஓர் அந்நியன் முன் ருசுப்படுத்துவது சுயமரியாதைக்குப் பொருந்துமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1979-ல் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில், மணம் செய்துகொள்ள வந்த ஓர் இந்திய ஆசிரியையை, கன்னியா என்று பார்க்க டாக்டரைக்கொண்டு சோதித்தார்கள். மணப்பெண் என்றால் கன்னியாகத்தான் இருக்க வேண்டும் என்ற நம் வைதீகர்களின் கற்புக் கதையையே அந்த வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்களும் அளவுகோலாக எடுத்துக்கொண்டார்கள். விஷயம் வெளிவந்து கண்டனம் எழுந்த பிறகே அது நிறுத்தப்பட்டது. பத்திரத்தைக் கேட்பது வேறு, உடம்பைக் கேட்பது வேறு. முன்னதைக் கொடுப்போம், பின்னதை எந்தச் சர்க்கார் கேட்டாலும் எதிர்ப்போம். இதுதான் சுயமரியாதைக்காரன் நிற்க வேண்டிய இடம்.

அந்தப் பெண் கோவிலுக்கும் போகவில்லை, ஐயரிடமும் போகவில்லை. தன் பத்திரங்களைத் தானே அடுக்கிக்கொண்டு மும்பைக்குப் புறப்பட்டிருக்கிறாள். "ஐயர் ஏன் இல்லை?" என்று கேட்டால், "எங்களுக்கு அவர் தேவைப்படவில்லை, எங்கள் நாட்டுச் சட்டத்திற்கும் தேவைப்படவில்லை" என்று சொல்லப்போகிறாளாம். முடிவு எப்படியானாலும், அவள் திருமணம் அவளுடையதாகவே இருக்கும். இவ்விஷயத்தில் மற்றத் தோழர்களும் தங்கள் பெண்களுக்குக் கோவிலுக்கு வழி காட்டாமல், பத்திரத்தைப் படிக்க வழி காட்ட வேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகிறோம்.