சத்தம் போனது, பெயர் நிற்கிறது

காலை ஒன்பது மணிக்குக் கொழும்பு புதுக்கடை நீதிமன்ற வாசலில் ஓட்டோக்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். கறுப்புக் கோட்டுப் போட்ட சட்டத்தரணி கோப்புக்கட்டோடு இறங்குவார். பின்னால் வழக்காளி சில்லறை தேடுவார். இவர்களில் ஒருவரும் 'டுக் டுக்'கில் வந்ததாகச் சொல்லமாட்டார். தமிழர் வாயில் ஓட்டோ, சிங்களவர் வாயில் த்ரீவீல், பொலிஸ் அறிக்கையில் முச்சக்கரவண்டி. டுக் டுக் காலிமுகத்திடலில் கமெராவோடு நிற்கும் வெள்ளைக்காரரின் சொல்.

அந்தச் சொல் பிறந்த ஊர் பாங்கொக். ஜப்பானின் டைஹட்சு நிறுவனம் 1957இல் 'மிட்ஜெட்' என்ற மூன்றுசக்கர வண்டியை வெளியிட்டது. சில ஆண்டுகளில் அது தாய்லாந்து போய்ச் சேர்ந்தது. அதில் இருந்தது டூ ஸ்ட்ரோக் என்ஜின். ஃபோர் ஸ்ட்ரோக் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும், இது ஒவ்வொரு சுற்றுக்கும். அந்த ஓயாத சத்தத்தையே தாய்லாந்துக்காரர் பெயராக்கினார்கள். சுற்றுலாப் பயணிகளோடு அது ஆங்கிலத்துக்குள் ஏறிக்கொண்டது.

கொழும்பு ஓட்டோவின் வம்சம் வேறு. இத்தாலியின் பியாஜியோ 1948இல் இறக்கிய 'ஆப்பே'தான் மூதாதை. பெயருக்குப் பொருள் தேனீ. அதே நிறுவனத்தின் வெஸ்பா, குளவி. (இத்தாலியருக்கும் காதில் ரீங்காரம்தான் விழுந்திருக்க வேண்டும்.) பியாஜியோவின் உரிமத்தோடு பஜாஜ் இந்தியாவில் தயாரித்தது; அங்கிருந்து இலங்கைக்கு வந்தது.

டெல்லியிலும் சத்தமே பெயரானது: பழைய ஹார்லி டேவிட்சன்களைக் கொண்டு ஆள் ஏற்றிய வண்டிகளுக்கு 'பட்பட்' என்றே பெயர். 1998இல் அவற்றை வீதியிலிருந்து அகற்றினார்கள்.

தமிழுக்கு மட்டும் ஏன் இப்படியொரு பெயர் தோன்றவில்லை? ஒலிக்குறிப்புக்குப் பஞ்சமில்லை, இரட்டைக்கிளவிக்குத் தொல்காப்பியமே விதி சொல்கிறது. ஆனால் தமிழில் அது வினையை ஒட்டியே வரும். வண்டி 'தடதடவென்று' வரும். வண்டியே 'தடதட' ஆகாது. கிலுகிலுப்பையும் குடுகுடுப்பையும் போலச் சிலவே பெயராகித் தப்பின.

வேடிக்கை என்னவென்றால், டூ ஸ்ட்ரோக் முச்சக்கரவண்டி இறக்குமதியை இலங்கை 2008இல் நிறுத்திவிட்டது. நீலப்புகையும் பழைய சத்தமும் குறையத் தொடங்கிய பிறகுதான் உள்ளூரில் பெயருக்கு யோகம் அடித்தது: 2015இல் தொடங்கிய வாடகைவண்டிச் செயலி பிக்மீ இந்த வண்டியை 'டுக்' என்றே காட்டுகிறது. மின்சார ஓட்டோவுக்கும் அதே பெயர்தான் ஒட்டும்போல.

கைபேசியில் 'டுக்'கை அழுத்தலாம், தவறில்லை. வீதியில் கைகாட்டி மறிப்பதென்றால் ஓட்டோ என்றே கூப்பிடுங்கள். ஏறுவதற்கு முன் மீட்டர் வேலை செய்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.