யார் வரையும் கோடு?

மாலையில் கல்லூரி விட்டதும் பேருந்து நிறுத்தத்திலே நின்று பாருங்கள். மாணவர் பலரின் விரல்கள் கைப்பேசித் திரையில் ஓடிக்கொண்டிருக்கும். அங்கே ஆடப்படும் விளையாட்டுகளுள் ஒன்று ‘லவ் பால்ஸ்’. திரையில் இரண்டு பந்துகள். ஒன்று நீலம், மற்றொன்று இளஞ்சிவப்பு. நடுவே பள்ளமும் தடுப்பும். விரலால் ஒரு கோடு கிழித்தால் அது பாலமாகும், சரிவாகும். பந்துகள் உருண்டு வந்து முட்டிக்கொண்டால் காதலர் சேர்ந்துவிட்டனர் என்று பொருள்!

‘காலம் கெட்டுவிட்டது’ என்று பெரியவர்கள் சலித்துக்கொள்ள வேண்டாம். நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இரு பெயர்களை எழுதி, பொது எழுத்துகளை அடித்து, ‘பிளேம்ஸ்’ பார்த்தவர்கள்தாம் இன்று பலருக்குப் பெற்றோராக இருக்கிறார்கள். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே ‘கூடல் இழைத்தல்’ இருந்தது. பிரிவால் வாடும் தலைவி கண்ணை மூடிக்கொண்டு மணலிலே வட்டம் வரைவாள். தொடங்கிய முனையும் முடிந்த முனையும் கூடினால் தலைவன் வருவான் என்பது நம்பிக்கை. நாச்சியார் திருமொழியின் நான்காம் பதிகம் முழுவதும் ஆண்டாள் இந்தக் கூடலை நோக்கியே பேசுகிறாள்.

ஆயினும் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. கூடலிலே கோடு வரைபவள் காதலிப்பவளே. விரலும் அவளுடையது; விருப்பமும் அவளுடையது. கைப்பேசி ஆட்டத்திலோ பந்துகளுக்குக் கையில்லை. மூன்றாம் ஆள் ஒருவன்தான் கோடு கிழிக்கிறான். பந்துகளின் சம்மதத்தை எவரும் கேட்பதில்லை. ஆட்டத்தில் அது குற்றமன்று. வாழ்க்கையில்?

நம் திருச்செங்கோட்டு மலைமேல் ஆணும் பெண்ணும் ஓருடலாய் அர்த்தநாரீசுவரர் நிற்கிறார். அக்கோயிலுக்கு 2015 ஜூன் 23 அன்று ஓமலூர்ப் பகுதியைச் சேர்ந்த இளம் பொறியியல் பட்டதாரி ஒருவர், தம்முடன் படித்த தோழியோடு வந்தார். அவர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். தோழி வேறு சாதியினர். இருவரும் பேசியதே குற்றமாயிற்று. கடத்திச் செல்லப்பட்ட அவருடைய உடல் மறுநாள் பள்ளிபாளையம் அருகே இரயில் பாதையில் கிடந்தது. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. 2023இல் உயர் நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. மூன்றாம் கை கிழித்த சாதிக்கோடு ஓர் உயிரையே அறுத்துவிட்டதன்றோ?

வயது வந்த இருவர் மனமொத்து மணந்துகொள்ளக் குடும்பத்தின் சம்மதமோ சமூகத்தின் சம்மதமோ தேவையில்லை என்று 2018இலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அப்படியானால் பெற்றோருக்கு உரிமையே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. பிள்ளையின் படிப்பையும் பிழைப்பையும் எண்ணிக் கவலைப்படவும், புத்தி சொல்லவும் அவர்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அறிவுரை வேறு, அரிவாள் வேறு.

பெரியவர்களைக் குறைகூறிவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. வகுப்பறை மேசையிலும் சுவரிலும் இரண்டு பெயர்களை எழுதி நடுவே கூட்டல் குறி போடுகிறோமே, அது யாருடைய கை? விளையாட்டாகக் கிழித்த அந்தக் கோடு வீட்டுக்குத் தெரிந்தால், ஒரு பெண்ணின் படிப்பே பாதியில் நின்றுபோகக்கூடும். ‘வேண்டாம்’ என்று சொன்னவளைப் பேருந்து நிலையம் வரை பின்தொடர்பவனும் அவளைக் கேளாமல் கோடு கிழிப்பவனே. சாதிக்காக வெட்டுபவனைப் போலவே இவனும் அவளை மனிதப் பிறவியாகக் கருதவில்லை, பந்தாகவே கருதுகிறான்.

நண்பர்களே! கைப்பேசியில் ஆயிரம் கோடுகள் கிழியுங்கள், பந்துகள் கோபித்துக்கொள்ளா. மனிதர் வாழ்விலே மட்டும் விரலை எடுத்துவிடுங்கள். சேர்வதாயினும் விலகுவதாயினும் அந்தக் கோட்டை அவர்களே வரையட்டும்.