பேணியில கொக்கோ எவ்வளவு?

அக்கராயனில ஆருக்கும் வருத்தமெண்டால் பார்க்கப் போறவரின் கையில ஒரு பேணி இருக்கும். மைலோ, அல்லது அதைப்போல ஏதாவது. சோதனைக்குப் படிக்கிற பிள்ளைக்கும் அதுதான், விளையாட்டுப் போட்டிக்கு ஓடுற பிள்ளைக்கும் அதுதான். வீட்டில கறந்த பாலை விடியவே சேகரிப்பு நிலையத்துக்குக் கொடுத்துவிட்டு, அந்தக் காசில இந்தப் பேணியை வாங்குற வீடுகளும் இருக்கு. இதைச் "சத்து" எண்டு சொல்லுறதோடதான் எனக்குச் சண்டை.

கொக்கோ எங்கட குளத்தடியில வளராது. வருஷம் முழுக்கப் பரவலான மழையும் ஈரக்காற்றும் பெரிய மரங்களின் நிழலும் அதற்கு வேணும். மாதக்கணக்கில் காயிற வன்னி சரிவராது. மாத்தளை, கண்டி, குருநாகல் பக்கம் தென்னைக்கும் றப்பருக்கும் கீழே ஊடுபயிராக நிற்கிறது. பலாவைப் போல அடிமரத்திலேயே காய்க்கும். காயை வெட்டினால் வெள்ளைச் சதை மூடிய முப்பது, நாற்பது விதைகள். சதையோடு குவித்து ஐந்தாறு நாள் புளிக்க வைக்கவேண்டும். புளிக்காத விதையை எவ்வளவு வறுத்தாலும் சொக்லேட் மணம் வராது. பிறகு காயவைத்து, வறுத்து, தோல் நீக்கி அரைத்தால் மாவாக வராது, குழம்பாகத்தான் வரும். விதையில் பாதியளவு கொழுப்பு. அதைப் பிழிந்தெடுக்கும் முறைக்கு 1828 இல் ஒல்லாந்தில் வான் ஹூட்டன் குடும்பம் காப்புரிமை எடுத்தது. பிழிந்த கொக்கோ பட்டர் சொக்லேட் கட்டிக்கும் அழகுசாதனங்களுக்கும் போகும். மிஞ்சுற பிண்ணாக்கை இடிச்சால் கொக்கோத்தூள். எள்ளில எண்ணெய் எடுத்த மிச்சம் மாதிரி. (இகழேல்லை. கசப்பும் மணமும் அதிலதான் நிக்குது.)

அந்தத் தூளாவது பேணிக்குள் நிறைய இருக்கோ? திருப்பிப் பாருங்கோ. சேர்மானங்களை நிறை கூடினதிலிருந்துதான் எழுதுவினம். மோல்ட், பால்மா, சீனி முன்னுக்கு நிற்கும், கொக்கோ பின்னுக்கு. மைலோவே 1934 இல் அவுஸ்திரேலியாவில் தோமஸ் மேய்ன் என்பவர் உருவாக்கிய மோல்ட் பானம்தான். பெயர் பழைய கிரேக்க மல்லன் ஒருவனுடையது. மல்லனின்ர பேரை வைச்சதால பிள்ளை மல்லனாகாது.

"விற்றமின் போட்டிருக்கே" என்பார்கள். போட்டிருக்கு, உண்மை. சீனியும் போட்டிருக்கு. இந்தியாவில் 2024 ஏப்ரலில் வர்த்தக அமைச்சு, போர்ன்விட்டா உள்ளிட்டவற்றை "ஆரோக்கிய பானம்" என்ற பிரிவிலிருந்து நீக்கும்படி இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவித்தது. அப்படியொரு பானத்துக்கு அங்கத்தைய உணவுச் சட்டத்தில் வரைவிலக்கணமே இல்லை. எங்கட கடைத் தட்டிலயோ அது இன்னும் மருந்து மாதிரி நிக்குது.

குடிக்கவேண்டாம் எண்டு சொல்லேல்லை. நானும் குடிக்கிறன், ருசிதான். ருசிக்கெண்டு வாங்குங்கோ. கொக்கோதான் வேணுமெண்டால், கேக் போடுறவைக்கெண்டு விக்கிற சீனி போடாத தூளை வாங்கி, ஒரு கரண்டியைச் சுடுதண்ணியில குழைச்சு, கறந்த பாலைக் காய்ச்சி ஊத்தி, சீனியை நீங்களே அளந்து போடுங்கோ. ஆஸ்பத்திரிக்கு அடுத்தமுறை நான் ஒரு போத்தில் பாலும் நாலு அவிச்ச முட்டையும் கொண்டு போகப்போறன். சனம் என்ன சொல்லும் எண்டு தெரியும்.