கடலைப் புரதத்தை எடைபோட்டால் மட்டும் போதாது

நூறு கிராம் நிலக்கடலையில் ஏறக்குறைய 25 கிராம் புரதம் என்கிறோம். 1883-இல் டென்மார்க்கில் பிறந்த கெல்டால் முறை நைட்ரஜனை அளந்து, அதை ஒரு காரணியால் பெருக்கித் தரும் கணக்கு இது. அந்த 25 கிராமுக்குள் என்னென்ன புரதங்கள் என்று இந்த எண் சொல்லாது. அது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு சான்று: மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் மிகுந்த பிரேசில் கொட்டைப் புரதத்தைச் சோயாவில் புகுத்தியபோது அதன் சத்து கூடியது உண்மைதான். ஆனால் அந்தச் சோயாவின் புரதங்களை ஜெல்லில் பிரித்து, கொட்டை ஒவ்வாதவர்களின் ரத்தநீரைச் சேர்த்துப் பார்த்தபோது, எதிர்ப்பொருள்கள் புதிதாக வந்த புரதத்தையே பற்றிக்கொண்டன. 1996-இல் அந்த ஆய்வு வெளியானது. அந்தச் சோயா சந்தைக்கு வரவில்லை. எனவே நம் பயறு, எண்ணெய்வித்து ரகங்களுக்கும் விளைச்சல், எண்ணெய்ச் சத்தோடு புரத வரைபடமும் வேண்டும் என்பேன்.

அதற்கு ஏற்ற கருவி இருபரிமாண ஜெல் எலக்ட்ரோஃபோரஸிஸ். எண்ணெய் நீக்கிய கடலை மாவின் புரதங்களை யூரியாக் கரைசலில் பிரித்தெடுத்து, அமிலத்தன்மை படிப்படியாக மாறும் மெல்லிய பட்டையில் ஏற்றி மின்சாரம் செலுத்துகிறார்கள். ஒவ்வொரு புரதமும் தன் மின்னேற்றம் பூஜ்யமாகும் இடத்தில் நின்றுவிடும். பிறகு பட்டையை ஒரு ஜெல்லின் தலைமாட்டில் வைத்தால், சிறிய புரதங்கள் வேகமாக இறங்கும், பெரியவை பின்தங்கும். சாயமேற்றியதும் ஜெல் முழுக்க நீலப் புள்ளிகள். 1975-இல் ஓஃபாரல் என்ற ஆய்வாளர் ஒரு பாக்டீரியத்தில் இப்படி 1,100 கூறுகளைப் பிரித்துக் காட்டினார்.

மூலக்கூறுகளின் நிறையை அளந்து புரதங்களை இனங்காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி வந்தபின் இந்த ஜெல் எதற்கு என்று கேட்பார்கள். அது வேகமானது, நுட்பமானது, மறுக்கவில்லை. ஆனால் வழக்கமான முறையில் புரதத்தை முதலில் துண்டு துண்டாக வெட்டிவிடுகிறார்கள். ஒரே புரதத்தின் பல வடிவங்களில் எதிலிருந்து எந்தத் துண்டு வந்தது என்பது மங்கிவிடுகிறது. ஜெல்லில் அவை முழுதாக, தனித்தனிப் புள்ளிகளாக நிற்கும். வேண்டிய புள்ளியை வெட்டி அதே மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரிக்கு அனுப்பலாம். ஜெல்லுக்கு ஜெல் படம் மாறும் என்ற குறையை, மாதிரிகளுக்கு வெவ்வேறு ஒளிர்சாயம் பூசி ஒரே ஜெல்லில் ஓட்டும் முறை 1997 முதலே பெருமளவு குறைத்திருக்கிறது. விதையின் சேமிப்புப் புரதங்கள் அளவில் மிகுந்து மற்றவற்றை மறைத்துவிடும் என்பதுதான் வலுவான ஆட்சேபம். அரிய நொதிகளைத் தேடுபவருக்கு அது பெரிய தடைதான். ஆனால் கடலை ஒவ்வாமைக்குப் பெயர்போன ஆரா ஹெச் 1, 2, 3 மூன்றுமே சேமிப்புப் புரதங்கள். நாம் தேடுவது மிகுந்திருக்கும் அவற்றைத்தான். திண்டிவனத்தில் உருவான டி.எம்.வி. கடலை ரகங்களிலிருந்தே இந்த வரைபடத்தைத் தொடங்கலாம்.