நெல் தாங்கிய மச்சும் ஆள் தங்கும் அறையும்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி வட்டாரங்களில் எஞ்சி நிற்கும் பழைய ஓட்டு வீடுகளில், கூடத்துக்கு மேலே விட்டங்களின் மீது பலகை பாவி, சில வீடுகளில் அதன்மேல் சுண்ணாம்புக் காரையும் இட்டு அமைத்த தளத்தை மச்சு என்பர். விதைநெல்லும் பித்தளை அண்டாக்களும் விசேஷத்துக்கு மட்டும் கீழே இறங்கும் ஜமக்காளங்களும் இருப்பதற்கென்றே ஏற்பட்ட இடம் அது. குடும்பம் பெருகித் தனி அறை தேவைப்படும்போது, அந்த மச்சையே அறையாக்கிவிட்டால் புதிதாகக் கட்டும் செலவில் பாதிகூட ஆகாது என்ற நம்பிக்கை காவிரிப் படுகையில் வேரூன்றியிருக்கிறது. மனை வாங்க வேண்டாம், கடைக்கால் தோண்ட வேண்டாம், சுவரும் கூரையும் முன்பே நிற்கின்றன, மூட்டை மூட்டையாக நெல் தாங்கிய மச்சு நாலு பேரைத் தாங்காதா என்பதே அதன் முழு வாதமும். கடைசிக் கேள்வி மற்றவற்றைவிட வலுவானதாகத் தோன்றுவதால், பிழையை அங்கிருந்தே தேடுவது முறை.

ஆள் எடையை உளுக்காத மச்சு தாங்கும் என்பது பெரும்பாலும் உண்மையே. குடியிருப்புத் தளம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ அளவுக்கு நடமாட்டச் சுமையை, அதாவது ஆட்களும் நகர்த்தக்கூடிய பொருள்களும் தரும் எடையை, தாங்க வேண்டுமென்று இந்தியத் தர நிர்ணயம் கணக்கிடுகிறது. நெல் மூட்டை அடுக்கிய இடம் அதைவிடக் கூடுதலாகவே சுமந்திருக்கும். ஆனால் மச்சு அறையாகும்போது முதலில் மேலே ஏறுவது ஆள் அன்று. கழிவறைத் தடுப்பாக எழும் நாலரை அங்குலச் செங்கல் சுவர், பத்தடி உயரத்தில், நீளவாக்கில் மீட்டருக்கு 600 கிலோவைத் தாண்டும். 1,000 லிட்டர் தொட்டியில் நிரம்பும் தண்ணீர் ஒரு டன். பலகையைப் பெயர்த்துவிட்டு ஐந்து அங்குலத்துக்குக் கான்கிரீட் தளம் போட்டால் ஒவ்வொரு சதுர மீட்டரும் 300 கிலோவுக்கு மேல். அறுவடையில் ஏறிய நெல் விற்றோ அரைத்தோ சில மாதங்களில் இறங்கிவிடும், இவை இறங்கா. நிலைச்சுமை எனப்படும் இந்த எடை, பல வீடுகளில் மண் சாந்தில் அடுக்கிய செங்கல் சுவர் வழியே, ஆழமில்லாத கடைக்காலுக்கும் அதன்கீழுள்ள களிமண்ணுக்கும் போய்ச் சேருகிறது. நீர் கண்டால் உப்பிக் கோடையில் சுருங்கி வெடிக்கும் அக்களிமண்ணின் மீது புதுச்சுமை ஏறினால், சுவர் மூலைகளில் சாய்வான விரிசல் தோன்றுவதில் வியப்பில்லை. கடைக்கால் செலவு மிச்சமாகவில்லை, பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்கிறது; பழைய சுவருக்கு அடியில் புதுக் கடைக்கால் சேர்ப்பது வெற்று மனையில் தோண்டுவதைவிடக் கடினமான வேலை.

கூரை முன்பே இருக்கிறது என்பதும் பாதி உண்மைதான். வசிக்கும் அறையின் உயரம் 2.75 மீட்டருக்குக் குறையக்கூடாது என்றும், சாய்கூரையானால் சராசரி உயரம் அவ்வளவு வேண்டும் என்றும் தேசியக் கட்டட விதித்தொகுப்பு கூறுகிறது. நிமிர்ந்து நடக்கவே இடங்கொடாத மச்சில் இவ்வளவைப் பெற வேண்டுமானால் ஓட்டைப் பிரித்துச் சுவரை உயர்த்திக் கைமரமும் ரீப்பரும் புதிதாக அடிக்க வேண்டும். அக்கிரகாரத்து வீடுகளிலோ சுவர் அடுத்த வீட்டாருக்கும் பொதுவாக இருக்கக்கூடுமாகையால் அவர்களுடைய இசைவும் வேண்டும். செலவைச் சுருக்க ஓட்டுக்குப் பதில் தகர ஷீட் போடுவோர், கோடைப் பகலில் அந்த அறையில் யார் இருப்பார் என்பதையும், 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் முதல் பட்டுக்கோட்டை வரை எத்தனை கூரைகளைப் பறித்துக்கொண்டு போனது என்பதையும் நினைத்துப் பார்ப்பதில்லை.

மதிப்பீட்டில் பெரும்பாலும் விட்டுப்போவது படிக்கட்டு. ஏணியோ செங்குத்தான மரப்படியோ நெல் இறக்கப் போதும், குழந்தையும் முதியவரும் இரவில் இறங்கப் போதாது. மூன்றடி அகலத்தில் ஒழுங்கான படி அமைத்தால் கூடத்திலிருந்து ஏறத்தாழ 50 சதுர அடி போய்விடும். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகளைப் பலிகொண்ட பள்ளித் தீவிபத்தில், மேல்தளத்துக் கீற்றுக் கூரையும் குறுகிய படிவழியும் சேர்ந்தே அந்த அழிவை விளைவித்தன. பள்ளிக்கும் வீட்டுக்கும் அளவில் வேற்றுமை உண்டு. எனினும் எரியக்கூடிய கூரையின்கீழ் ஆளைத் தங்கவைத்து, இறங்கும் வழியைச் செலவுக் கணக்கில் கடைசிக்குத் தள்ளும் மனப்போக்கு ஒன்றேதான். அவ்வளவு அருகில் நடந்தும் அது வீட்டு மதிப்பீடுகளுக்குள் நுழையாமற்போனது கண்டிக்கத்தக்கது.

ஆகவே பணம் முதலில் செல்ல வேண்டிய இடம் பலகைக்கடை அன்று. கட்டமைப்புப் பொறியாளரைக் கொண்டு சுவரோரம் குழி தோண்டிக் கடைக்காலைப் பார்ப்பதும், சுவருக்குள் புதைந்திருக்கும் விட்ட முனைகளைக் குத்திப் பார்ப்பதும் (கரையானும் உளுப்பும் ஒளிந்திருப்பது அங்கேதான்) முதற்செலவுகள். புதுக் கட்டடத்துக்குச் சொல்லும் சதுர அடி விலையை இதற்கும் ஒப்புக்கொள்வது ஏமாறுவதற்கு ஒப்பாகும். பிரித்தல், முட்டுக் கொடுத்தல், பொருளை மேலேற்றுதல் ஆகிய கூலிகள் அந்த விலைக்குள் அடங்குவதில்லை. பிரித்தால்தான் தெரியும் சேதங்களுக்கென மதிப்பீட்டில் கால்பங்காவது ஒதுக்காத கணக்கு கணக்கே ஆகாது. சம்பா நெல் விற்ற பணம் தை, மாசியில் கைக்கு வருவதால் வேலையும் அப்போது தொடங்குகிறது; பணம் நடுவில் தீர்ந்து நகைக்கடனுக்குக் காத்திருக்கும்போது ஐப்பசி மழை பிரித்த கூரைக்குள் இறங்கினால் மண் சாந்து கரையும். கூரையை மீண்டும் மூடும் வரைக்குமான தொகை முழுவதும் கையில் இல்லாமல் ஓர் ஓட்டையும் எடுக்கக்கூடாது.

இவற்றையெல்லாம் கூட்டினால் வரும் தொகை, கொல்லைப்புறத்தில் தனிக் கடைக்காலோடு ஓர் அறை எழுப்பும் தொகையை எட்டுவதோ தாண்டுவதோ அரிதன்று; கொல்லை உள்ள வீட்டார் அதையே முதலில் மதிப்பிட வேண்டும். கொல்லை இல்லாத வீட்டில், போதிய உயரமும் பழுதற்ற விட்டமும் இருந்தால், பலகைத் தளத்தை அப்படியே வைத்து, இலேசான மரத்தடுப்பு அடித்து, குளியலறையையும் தொட்டியையும் கீழேயே நிறுத்தி மச்சை அறையாக்கலாம்.