மாணவர் கையில் ரூட் பாஸ்வேர்டைக் கொடுங்கள்

தமிழ்நாட்டு அரசின் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் விண்டோஸோடு உபுண்டு லினக்ஸுக்கும் இடம் இருக்கிறது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்தே தரப்பட்டது. பொறியியல், பாலிடெக்னிக் கல்லூரிகளின் ஆய்வகங்களில் லினக்ஸ் கட்டளைகள் பல ஆண்டுகளாகக் கற்பிக்கப்படுகின்றன. இவ்வளவும் இருந்தும், கணினிப் பட்டத்தோடு வெளியே வரும் இளைஞர்கள் பலரை நின்றுபோன ஒரு சர்வரின் முன் உட்காரவைத்தால், முதலில் எதைப் பார்ப்பது என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. இந்தக் குறைக்கு மாணவர்கள் பொறுப்பல்ல. நாம் நடத்தும் லேப்தான் பொறுப்பு.

அந்த லேப்பில் என்ன நடக்கிறது? கணினியில் லினக்ஸை ஏற்கெனவே யாரோ நிறுவி வைத்திருக்கிறார்கள். மாணவர் உள்ளே நுழைந்து, பட்டியலில் உள்ள கட்டளைகளை வரிசையாக அடித்து, திரையில் வந்ததை ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறார். எல்லா அனுமதியும் உள்ள ரூட் கணக்கின் பாஸ்வேர்டு அவருக்குத் தரப்படுவதில்லை. ஒரு மென்பொருளை நிறுவ, ஒரு பயனரைச் சேர்க்க, ஒரு சேவையை நிறுத்தித் தொடங்க அவருக்கு வாய்ப்பே இல்லை. எதையும் கெடுக்க முடியாத இடத்தில் எதையும் சரிசெய்யவும் கற்க முடியாது. லினக்ஸ் நிர்வாகம் கற்கும் ஒவ்வொரு மாணவருக்கும் ரூட் அதிகாரத்தோடு தனிக் கணினி ஒன்று கிடைக்க வேண்டும் என்பதே நமது நிலைப்பாடு.

பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தான் எழுதிக்கொண்டிருந்த இயங்குதளத்தைப் பற்றி 1991 ஆகஸ்ட் 25 அன்று உலகுக்குச் சொன்னபோது அதைப் பொழுதுபோக்கு முயற்சி என்றே குறிப்பிட்டார். இன்று நம் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு கைபேசியின் அடியில் இருப்பது லினக்ஸின் கருநிரல். உலகின் அதிவேக 500 மீக்கணினிகளின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் இருப்பவை அனைத்தும் லினக்ஸில் இயங்குகின்றன. மைக்ரோசாஃப்டின் அஷூர் மேகச் சேவையிலேயே பாதிக்கு மேல் லினக்ஸ்தான். ‘அலுவலகங்களில் விண்டோஸ்தானே இருக்கிறது, லினக்ஸ் எதற்கு’ என்று கேட்பவர்கள் மேசை மேல் இருப்பதை மட்டும் பார்க்கிறார்கள். அந்த மேசைக் கணினி இணையத்தில் தொட்டுப் பேசும் மறுமுனையில் பெரும்பாலும் லினக்ஸே இருக்கிறது.

லினக்ஸின் அடிப்படை என்று எதைச் சொல்கிறோம்? ஓர் இணையதளம் திடீரென வேலை செய்யவில்லை என்று வைத்துக்கொள்வோம். காரணம் வட்டில் இடம் தீர்ந்துபோனதாக இருக்கலாம். டிஎஃப் என்ற கட்டளை எந்த வட்டுப் பிரிவு நிரம்பியது என்று காட்டும். டியூ என்ற கட்டளை எந்தக் கோப்புறை அதை விழுங்கியது என்று காட்டும். பல சமயம் விடை லாக் கோப்புகள் குவியும் இடத்தில் கிடைக்கும். மாணவர் பெரிய லாக் கோப்பு ஒன்றைக் கண்டுபிடித்து அழிக்கிறார். ஆனாலும் இடம் திரும்பவில்லை. அந்தக் கோப்பைத் திறந்துவைத்திருக்கும் நிரல் அதை விடும்வரை வட்டு அந்த இடத்தைத் தராது. இந்த ஒரே சிக்கலில் வட்டு, கோப்பு முறை, இயங்கும் நிரல், சேவை, லாக் ஆகிய எல்லாமே பாடமாகிவிடுகின்றன. இரண்டு மதிப்பெண் வினாவுக்கு டிஎஃப் கட்டளையின் பயனை எழுதியவருக்கு இந்தத் தொடர்பு தெரிந்திருக்க வழியில்லை.

கோப்பு அனுமதியும் அப்படித்தான். உரிமையாளர், குழு, மற்றவர் என மூன்று தரப்பு. படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்ற கணக்கு. தேர்வில் இதை எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். வேலைக்குப் போன இடத்தில் ஒரு நிரல் ‘அனுமதி இல்லை’ என்று மறுத்ததும், யோசிக்காமல் 777 என்று போட்டு எல்லாக் கதவையும் எல்லோருக்கும் திறந்துவிடுகிறார்கள். அந்தச் சர்வரில் பிறருடைய மருத்துவக் குறிப்போ வங்கி விவரமோ இருந்தால் விளைவை அனுபவிப்பவர்கள் ஒரு பாவமும் அறியாதவர்கள். எந்த நிரல் எந்தப் பயனர் பெயரில் ஓடுகிறது என்று பார்த்து, தேவையான அனுமதியை மட்டும் கொடுக்கும் பழக்கம் கைப்பழக்கமாகத்தான் வரும்.

பேக்கப் பற்றி ஒவ்வொரு மாணவரும் அறிய வேண்டிய சம்பவம் 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் இணையச் சேவையை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் நடந்தது. இரவு நேரத்தில் தரவுத்தளச் சிக்கலோடு போராடிக்கொண்டிருந்த பொறியாளர் ஒருவர், துணைச் சர்வரில் அழிக்க வேண்டிய கோப்புறையை முதன்மைச் சர்வரில் அழித்துவிட்டார். தவறை உணர்ந்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபி தரவில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. பேக்கப்புகளைத் தேடியபோது, அவற்றை எடுக்க வேண்டிய நிரலின் பதிப்பு தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தாமல் அந்த வேலை தோற்றுக்கொண்டே இருந்தது தெரிந்தது. தோல்வியைச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. இடைப்பட்ட ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். நிறுவனம் நடந்ததை மறைக்காமல் வெளியிட்டது. மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்பக் கூடாது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் சொல்லிவிட முடியாது. நம் லேப்களில் எத்தனை மாணவர்கள் ஒரு கணினியை அழித்து, பேக்கப்பிலிருந்து மீட்டுப் பார்த்திருக்கிறார்கள்?

ரூட் அதிகாரம் கொடுத்தால் லேப்பையே கெடுத்துவிடுவார்கள் என்ற அச்சத்துக்கு விடை இருக்கிறது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் காரில் பயிற்றுநரின் காலடியிலும் ஒரு பிரேக் இருப்பதைப்போல, மெய்நிகர் கணினி மாணவருக்கும் லேப்புக்கும் பாதுகாப்புத் தருகிறது. விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருளுக்குள் லினக்ஸை நிறுவி, அதன் நிலையை ஒருமுறை பதிந்துவைத்துவிட்டால், மாணவர் என்ன செய்தாலும் சில நிமிடங்களில் பழைய நிலைக்குத் திரும்பலாம். அதைக் கல்லூரி வலையமைப்பிலிருந்து பிரித்துவைப்பதும் எளிது.

செலவைக் காரணம் காட்டவும் இடமில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிகள் பல நிறுவனங்களில் ஒதுக்கப்படும் நிலையில் இருக்கின்றன. அவற்றைக் குப்பைக்கு அனுப்பாமல் எடை குறைந்த லினக்ஸ் நிறுவி, ‘இதை நீங்களே நிர்வகியுங்கள்’ என்று மாணவர்களிடம் ஒப்படைக்கலாம். உரிமக் கட்டணம் எதுவும் கிடையாது.

கற்பிக்க ஆள் எங்கே என்பது நியாயமான கேள்வி. கேரளத்தில் 2001இல் தொடங்கிய ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டம் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியபோது, ஆசிரியர்களையே தேர்ந்தெடுத்துப் பயிற்சியாளர்களாக்கியது. நம்மிடமும் வளம் இருக்கிறது. மும்பை ஐஐடியின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ லினக்ஸ் பாடங்களைத் தமிழிலும் தருகிறது. ‘கணியம்’ இணைய இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழில் எழுதிவருகிறது. சென்னையிலும் விழுப்புரத்திலும் உள்ள லினக்ஸ் பயனர் குழுக்கள் கட்டணமின்றிக் கற்றுக்கொடுக்கின்றன. தன்னார்வலர்கள் வார இறுதியில் செய்யும் இந்தப் பணியோடு கல்லூரிகள் கைகோக்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் கட்டளையைச் சொல்லிவிடுகிறதே, எதற்குக் கற்க வேண்டும் என்ற வாதமும் இப்போது எழுகிறது. அது தரும் கட்டளையை ரூட் அதிகாரத்தோடு இயக்கும் விரல் மனிதருடையது. எந்தச் சர்வரில் இருக்கிறோம், இது எதை அழிக்கும், திரும்ப வழி உண்டா என்று அந்த மனிதர் கேட்டுக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும். கட்டளை எளிதாகக் கிடைக்கும் காலத்தில் அதை எடைபோடும் அறிவின் தேவை கூடியிருக்கிறது.

உயர்கல்வித் துறையும் பல்கலைக்கழகங்களும் மூன்று முடிவுகளை எடுக்க வேண்டும். லினக்ஸ் லேப்பின் முதல் நாளில் மாணவரே இயங்குதளத்தை நிறுவ வேண்டும். அதன் பொறுப்பு பருவம் முடியும்வரை அவருடையதாக இருக்க வேண்டும். ரெக்கார்டு நோட்டில் கட்டளைகளின் பட்டியலுக்குப் பதிலாக, என்ன பழுது வந்தது, எப்படிக் கண்டுபிடித்தேன், எப்படிச் சரிசெய்தேன் என்ற குறிப்புகளுக்கு மதிப்பெண் தர வேண்டும். செய்முறைத் தேர்வில் பழுதான ஒரு கணினியைக் கொடுத்து, அதை இயங்கவைக்கச் சொல்ல வேண்டும். கையேட்டைப் பார்க்க அனுமதிக்கலாம். வேலை செய்பவர்கள் எல்லோரும் பார்க்கத்தான் செய்கிறார்கள். இவற்றுக்குப் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. அடுத்த பருவத்திலேயே தொடங்கலாம்; தொடங்க வேண்டும்.