பட்டத்தில் ஏறும் கமரா: நம் மலையை நாமே பார்ப்போம்

பட்டம் விடுவது ஆண் பிள்ளைகளின் விளையாட்டு என்ற எண்ணம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. "படிக்கிற பொம்பிளப் பிள்ளைக்குப் பட்டமும் நூலும் என்னத்துக்கு?" என்று கேட்கும் உம்மாமார் பலர். அந்தப் பட்டத்தின் நூலில் ஒரு சிறிய கமராவைக் கட்டி உயர்த்தினால் அது நல்லதொரு பாடமாகும். ஊவா மலைகளில் வாழும் நமக்கு ஒரு காவலாகவும் ஆகும் என்பது என் கருத்து.

உயரத்திலிருந்து பார்ப்பதும் அறிவைத் தேடும் ஒரு வழிதான். அறிஞர் அல்பிரூனி, இன்றைய பாகிஸ்தானில் உள்ள நந்தனா கோட்டைக்கு அருகே மலையேறி, அடிவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்ற கோணத்தை அளந்து பூமியின் ஆரையைக் கணித்தார். பட்டத்தில் கமரா கட்டுவதும் நேற்று வந்த புதுமையல்ல. 1888இல் பிரான்சில் ஆர்தர் பட்டூ என்பவர் அதைச் செய்தார். 1906 ஏப்ரல் 18இல் சான் பிரான்சிஸ்கோ நகரம் நிலநடுக்கத்தாலும் தீயாலும் அழிந்தது. சில வாரங்களில் ஜோர்ஜ் லோரன்ஸ் என்பவர் வரிசையாகக் கட்டிய பட்டங்களால் ஏறத்தாழ 50 இறாத்தல் கமராவைச் சுமார் 2000 அடி உயர்த்தி, அழிந்த நகரம் முழுவதையும் ஒரே அகன்ற படத்தில் பதிவு செய்தார்.

இன்று 50 இறாத்தல் சுமக்க வேண்டியதில்லை. கோளப் படம் எடுக்கும் கமராக்களில் சில 120 கிராம் அளவே எடை கொண்டவை. அவற்றில் இரண்டு வில்லைகள் முதுகோடு முதுகு வைத்தாற்போல் இருக்கும். ஒவ்வொன்றும் தன் பக்கத்துப் பாதி உலகத்தையும், விளிம்பில் இன்னும் கொஞ்சத்தையும் பிடிக்கும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும் அந்த விளிம்புகளை மென்பொருள் பொருத்தித் தைத்துவிடும். கிடைக்கும் படத்தின் அகலம் உயரத்தைப் போல் இரு மடங்கு. உலகப் படத்தை விரித்தது போல் இருக்கும். கைத்தொலைபேசியில் அதைத் திறந்து விரலால் திருப்பினால் நாமே நடு வானில் நின்று மேலும் கீழும் சுற்றிலும் பார்க்கலாம்.

கமராவைப் பட்டத்தின் உடலில் கட்டுவதில்லை. பட்டம் மேலே ஏறி நிலைத்த பிறகு, அதற்குப் பல மீற்றர் கீழே நூலில் தொங்கவிடுவார்கள். அப்போது பட்டத்தின் உதறல் கமராவை அதிகம் குலுக்காது. காற்றுக்கும் நமக்குக் குறைவில்லை. ஊவாத் தேயிலைக்குத் தனிச் சுவை தருவது ஆடி, ஆவணி மாதங்களில் வீசும் வரண்ட கச்சான் காற்று என்பார்கள். அதே காற்று பட்டத்தையும் ஏற்றும்.

இதனால் நமக்கு என்ன பயன்? 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த மண் உறுதியற்றது என்ற எச்சரிக்கை பல ஆண்டுகளுக்கு முன்பே விடுக்கப்பட்டிருந்தது. மண்ணுக்குள் எத்தனை பேர் என்பதே முதலில் தெளிவாகத் தெரியவில்லை. நூற்றுக்கணக்கானோர் என்று வந்த செய்திகள், பின்னர் நாற்பதுக்கும் கீழே இறங்கின. எந்த லயம் எங்கே இருந்தது, எந்த வழியால் தண்ணீர் ஓடியது என்பதைக் காட்ட, அங்கு வாழ்ந்தவர்களின் கையில் ஒரு படம் இருந்திருந்தால் தேடியவர்களுக்கு எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்!

தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தை வானிலிருந்து எடுத்த படங்கள் உலகமெங்கும் போகின்றன. நம் லயங்களையும் வீடுகளையும் வானிலிருந்து எடுத்து நம்மிடம் தந்தவர் யார்? சென்ற ஆடி மாதம் என் மாமா கொண்டுவந்த கமராவை எங்கள் ஊருக்கு அருகிலுள்ள தோட்டத்தில் பட்டத்தில் ஏற்றினோம். படத்தை மடிக்கணினியில் காட்டியபோது, கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற பாட்டி ஒருவர் தன் கூரையைத் தேடிக் கண்டுபிடித்தார். "நம்ம லயத்த பங்களாவுல இருந்துதான் மேலருந்து பாப்பாங்க. நான் இன்னைக்குத்தான் பாக்குறேன் மகள்" என்றார். பிறகு லயத்தின் பின்புறச் சரிவில் ஓரிடத்தைக் காட்டி, "இந்த எடத்துல போன வருசம் தண்ணி இல்ல" என்றார். புதிதாக ஊறும் நீர், நிலத்தில் வெடிப்பு, சாயும் மரங்கள், இவையெல்லாம் மண்சரிவின் முன்னறிகுறிகள் என்று படித்திருக்கிறோம். பாட்டிக்கு அது முன்பே தெரிந்திருந்தது. அதை மற்றவர்களுக்குக் காட்டிச் சொல்ல ஒரு படம் தேவைப்பட்டது.

படம் மலையைத் தாங்கிப் பிடிக்காது. ஆய்வு செய்து அபாயத்தை அறிவிப்பது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் வேலை. ஆனால் ஒவ்வோர் ஆடியிலும் அதே இடத்தில் நின்று அதே சரிவைப் படமெடுத்து வைத்தால், ஐப்பசி மழைக்கு முன் என்ன மாறியிருக்கிறது என்று ஊராரே ஒப்பிட்டுப் பார்க்கலாம். கிராம சேவையாளரிடமும் அதைக் காட்டிப் பேசலாம்.

பெற்றோரின் பெரிய கவலை அந்தரங்கம் பற்றியது. அது நியாயமான கவலை. கோளக் கமரா எல்லாப் பக்கமும் பார்க்கும். பீலியில் குளிப்பவரையும் முற்றத்தில் இருப்பவரையும் அது விடாது. பிறரின் அந்தரங்கத்தைத் துருவுவதை நம் மார்க்கம் தடுத்துள்ளது. ஆகவே நாளும் நேரமும் முன்கூட்டியே அறிவித்து, தோட்டத்திலும் வீடுகளிலும் அனுமதி பெற வேண்டும். முகம் தெரிந்தால் மறைக்க வேண்டும். அங்கு வாழ்வோருக்கு முதலில் காட்டாத படத்தை வேறெவருக்கும் காட்டக் கூடாது.

இந்த விடயத்தில் ட்ரோனைவிடப் பட்டம் எனக்குப் பிடிக்கிறது. ட்ரோனை இயக்குபவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நிற்கலாம். பட்டத்தின் நூலோ நேராக ஒருவரின் கையில் வந்து முடிகிறது. கோளப் படத்தின் அடியில் பார்த்தால் நூலைப் பிடித்தபடி அவர் நிற்பார். பார்ப்பவரும் பார்க்கப்படுகிறார். எங்கள் படத்தில் முக்காடும் கையுறையும் அணிந்து அண்ணாந்து நிற்கிறேன் நான். கேள்வி கேட்க விரும்புவோர் நூலின் வழியே நடந்து என்னிடம் வரலாம்.

ஆபத்துகளையும் மறக்கக் கூடாது. மின்கம்பிக்கு அருகிலும் மழை, இடி நேரத்திலும் பட்டம் ஏற்றவே கூடாது. நூல் கையை அறுக்கும் என்பதால் கையுறை வேண்டும். தியத்தலாவை போன்ற இராணுவ முகாம் பகுதிகளைத் தவிர்க்க வேண்டும். பெரியவர் ஒருவர் எப்போதும் கூட இருக்க வேண்டும்.

அன்பின் சகோதரிகளே! நம்மில் சிலர் பதுளை நகரத்திலிருந்தும், சிலர் பசறை, லுணுகலை, அப்புத்தளைப் பக்கங்களிலிருந்தும் வருகிறோம். நமது கல்லூரி விஞ்ஞான மன்றம் ஒரு கமராவும் இரண்டு பட்டங்களும் வாங்கி, ஆண்டுக்கு ஒரு சரிவையாவது பதிவு செய்யத் தொடங்கட்டும். எங்கே காற்று வரும் என்று புவியியல் மாணவிகள் சொல்வார்கள். கோணத்தைக் கணித மாணவிகள் கணிப்பார்கள். பாட்டிமார் சொல்வதைத் தமிழ் மாணவிகள் எழுதி வைப்பார்கள். பெற்றோர்களே! அடுத்த ஆடியில் உங்கள் மகள் பட்டம் கேட்டால் மறுக்காதீர்கள். ஒரு மாலை அவளோடு மைதானத்துக்கு வந்து, நூலை நீங்களும் பிடித்துப் பாருங்கள்.